இறுக்காதே, கழற்றிப் பார்!

ஸ்பேனரைக் கீழே வை, தம்பி. இன்னும் கால் சுற்று இறுக்கினால் ஆயில் நின்றுவிடும் என்று நினைக்கிறாய். நிற்காது. நேற்றும் இறுக்கினாய், போன வாரமும் இறுக்கினாய். ஒழுகல் நின்றதா? என்ஜின் ஹெட்டை மேலே மூடியிருக்கும் டேப்பெட் கவரின் விளிம்பு வளைந்ததுதான் மிச்சம்.

திண்டிவனத்து லாரிப் பட்டறையில் கை பழகுகிற பிள்ளைக்கும், ஐ.டி.ஐ.யில் ‘மெக்கானிக் டீசல்’ ஓராண்டுப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு அலைகிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தங்கச்சி, உனக்கும்தான். சென்னை, விழுப்புரம், புதுச்சேரி, திருவண்ணாமலை, மரக்காணம் என்று ஐந்து பக்கம் சாலை பிரிகிற ஊரில் நிற்கிறாய். நான்கு சாலைகளில் வேலை தேடிப் போய்வந்தாய். ஐந்தாவதை என்றைக்காவது திரும்பிப் பார்த்தாயா?

அந்தச் சாலை முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி மரக்காணத்தில் கடலருகே போய் நிற்கிறது. அங்கிருந்து தெற்கே எக்கியார்குப்பம், கூனிமேடு, பொம்மையார்பாளையம், தந்திராயன்குப்பம் என்று வரிசையாகக் கடலோர ஊர்கள். அதையும் தாண்டினால் புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுத் துறைமுகம். குப்பங்களில் ஃபைபர் படகுகள், துறைமுகத்தில் விசைப்படகுகள். அவற்றை ஓட்டுவது பெரும்பாலும் டீசல் என்ஜின். ஓடுகிற என்ஜின் என்றால் ஒருநாள் ஒழுகத்தான் செய்யும். ஒழுகினால் ஒரு கை வேண்டும். அந்தக் கை ஏன் உன் கையாக இருக்கக் கூடாது?

“கடல் என்ஜின் நமக்கு ஆகாது!”

யார் சொன்னது? 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, 1955-இல் பெயர் மாறிய அசோக் லேலண்டை உனக்குத் தெரியும். எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அதே கம்பெனியின் என்ஜின்தான் விசைப்படகுகளிலும் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் சரக்கு இழுக்கிற குடும்பத்தின் தம்பி கடலில் வலை இழுக்கிறான், அவ்வளவுதான்! படகில் காற்றடித்துக் குளிரவைக்கும் ரேடியேட்டர் இருக்காது. என்ஜினுக்குள் சுற்றும் நல்ல தண்ணீரின் சூட்டைக் கடல்நீர் வாங்கிக்கொண்டு போகும். உப்பு, போல்ட்டைத் தின்னும். என்ஜின் அறை இடுக்காக, அனலாக இருக்கும். இந்த வித்தியாசங்களைப் படித்துக்கொள். மற்றபடி அதே பிஸ்டன், அதே வால்வு, அதே புஷ் ராடு, அதே ராக்கர். அங்கே வேண்டியதில் முக்கால்வாசி உனக்குத் தெரிந்ததுதான். தெரியாத கால்வாசியைக் கண்டு நீ ஏன் ஓட வேண்டும்?

ஒரு சொட்டுதானே?

“லேசாகக் கசிகிறது, பரவாயில்லை” என்பவனிடம் கணக்குப் போட்டுக் காட்டு. இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி என்று வை. வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் மணிக்கு 180 மில்லி. பத்து மணி நேரம் ஓடினால் 1.8 லிட்டர்! நடுக்கடலில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மட்டம் கீழே இறங்கியிருக்கும். அங்கே பக்கத்தில் ஆயில் கடை உண்டா?

போன ஆயில் சும்மாவும் போகாது. கவரிலிருந்து வழிவது சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் முதலில் புகை, பிறகு தீ. தீக்குப் பயந்துதான் பெரிய கப்பல்களின் பன்னாட்டு விதிகள், எரிபொருள் பட வாய்ப்புள்ள இடத்தில் 220 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பரப்பை வெப்பக்காப்பால் மூடச் சொல்கின்றன. மேனிஃபோல்டில் விழாதது படகின் அடியில் தேங்கும் தண்ணீரில் கலக்கும். அதை இறைத்து ஊற்றினால் கடலில் ஆயில் படலம். அந்தக் கடலோடு கழிமுகம் வழியாக இணைந்துதான் 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி இருக்கிறது. மீனும் இறாலும் வளர்கிற இடத்தில் நம் கழிவைக் கொட்டிவிட்டு, வலையில் என்ன விழும் என்று எதிர்பார்ப்பது?

கையை நம்பு, கண்ணைத் திற

சரி, வேலைக்கு வா. முதல் விதி: ஒழுகுகிற இடம் வேறு, தெரிகிற இடம் வேறு. ஆயில் எப்போதும் கீழே இறங்கும்; ஓடுகிற அதிர்விலும் காற்றிலும் பக்கவாட்டிலும் பரவும். ஆகவே டீசலில் நனைத்த துணியால் கவரையும் ஹெட்டையும் பளிச்சென்று துடை. ஈரம் காயட்டும். விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் முகப் பவுடரைத் தூவு. என்ஜினை ஓடவிட்டுப் பார். பவுடர் எங்கே முதலில் கறுக்கிறதோ அதுதான் குற்றவாளி. சில நேரம் கவர் பாவம், ஒன்றும் செய்திருக்காது. மேலே ஓடும் டீசல் ரிட்டர்ன் பைப்பின் வாஷர்தான் அழுதுகொண்டிருக்கும். விரலில் தொட்டு மோந்து பார், டீசலா ஆயிலா என்று மூக்கு சொல்லும்.

கவர்தான் என்று உறுதியானால் என்ஜின் ஆறட்டும். போல்ட்டுகளை ஒரே பக்கமாக அவிழ்க்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றித் தளர்த்து. கவர் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதே. ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் லேசாகத் தட்டு. எடுத்ததும் புஷ் ராடு குழிகளைச் சுத்தமான துணியால் மூடு. கவருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது ஒரு துணுக்கு உள்ளே விழுந்தால், அது அடைக்கப்போவது ஆயில் பாதையை.

பழைய பேக்கிங்கை விரலால் மடக்கிப் பார். கார்க் பிஸ்கட் போல் ஒடிகிறதா? அதன் ஆயுள் முடிந்தது. கவரைத் தட்டையான கண்ணாடிமேல் கவிழ்த்து வை. போல்ட் ஓட்டைகளைச் சுற்றித் தகரம் குழிந்திருந்தால், அது முன்னால் இறுக்கிய மகானுபாவரின் கைவேலை. அடியில் மரக்கட்டை கொடுத்துத் தட்டிச் சமப்படுத்து. வார்ப்புக் கவராக இருந்தால் தட்டாதே, விரிசல் விடும். அங்கே உப்பு அரித்த குழிகளைத் தேடு. போல்ட் தலைக்கடியில் உள்ள வாஷரையும் மாற்று. கவர் ஒழுகுகிறது என்று நாம் திட்டுகிற ஒழுகல் சில நேரம் அந்தச் சின்ன வாஷரின் வேலையாக இருக்கும். புது பேக்கிங் ரப்பர் என்றால் பசை வேண்டாம். கார்க் என்றால் கவர்ப் பக்கம் மட்டும் மெல்லிய பூச்சு போதும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் சுற்று. பிறகு நடுவிலிருந்து வெளியே, எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையில், கம்பெனி புத்தகம் சொல்கிற டார்க்குக்கு இறுக்கு. அதற்குமேல் ஒரு இம்மிகூட வேண்டாம்.

உள்ளே இருப்பது அழுத்தம்

இத்தனைக்குப் பிறகும் ஒழுகுகிறதா? இப்போதுதான் நீ மெக்கானிக் ஆகப்போகிறாய். யோசி. அந்தக் கவருக்கடியில் இருப்பது தெறிக்கிற ஆயில்தான். உள்ளே காற்றழுத்தம் வெளிக்காற்றுக்குக் கிட்டத்தட்ட சமமாகவே இருக்க வேண்டும். ஒரு சாதாரண பேக்கிங் அதைத் தாங்கும். தாங்கவில்லை என்றால் உள்ளே எங்கோ அழுத்தம் ஏறுகிறது.

அந்த அழுத்தத்தை வெளியே விடுகிற பிரீதர் குழாயைக் கழற்றிப் பார். கறுத்த மசி அடைத்திருக்கிறதா? விசில் அடைத்த குக்கரில் பக்கவாட்டு ரப்பரைப் பிய்த்துக்கொண்டு ஆவி வருமே, அதே கதைதான். மசியை எடு, ஒழுகல் தானாக நிற்கும். பிரீதர் சுத்தமாகவே இருந்தால், என்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கையை அருகே வை. குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது என்று அர்த்தம். நூறு பேக்கிங் மாற்றினாலும் பயனில்லை. என்ஜினைப் பிரித்தாக வேண்டும்.

இப்போது உன்னைப் பார்த்துக் கேட்கிறேன். நேர்முகத் தேர்வில் தோற்றாய். “இன்னும் கஷ்டப்படு” என்றார்கள். கஷ்டப்பட்டாய், மறுபடி தோற்றாய். பல்லைக் கடித்தாய், தூக்கத்தைக் குறைத்தாய், கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும்” என்று கத்தினாய். எல்லாம் இறுக்கல்! எங்கே ஒழுகுகிறது என்று ஒரு தரமாவது துடைத்துப் பார்த்தாயா? கேள்வி புரியவில்லையா, பதில் தெரியவில்லையா, தெரிந்த பதிலைச் சொல்ல வாய் வரவில்லையா? மூன்றும் மூன்று நோய். மூன்றுக்கும் ஒரே மருந்தா?

தெரியாததைக் கேட்க வெட்கப்படுகிற வாய்தான் அடைத்துக்கொண்ட பிரீதர். அதைத் திற! “அண்ணே, இது எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்க” என்று கேள். அந்த ஒரு வாக்கியத்தில் உள்ளே ஏறியிருக்கிற பாதி அழுத்தம் இறங்கிவிடும். அடிப்படையே தேய்ந்திருந்தால், அளவு பார்க்கவே வராது என்றால், அதையும் ஒத்துக்கொள். முழுசாகப் பிரித்து ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொள். பிரித்தால் அசிங்கம் என்று எந்த என்ஜினும் சொன்னதில்லை.

கழற்றிப் பார்க்கத் துணிந்தவர்கள் இந்த மண்ணில் உண்டு. ருடால்ஃப் டீசலுக்கு ஜெர்மனியில் காப்புரிமை கிடைத்த அதே 1893-இல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார் ஜி.டி.நாயுடு. பெரிய படிப்பு இல்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதே வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஊர்வலம் போகவில்லை. அக்கக்காகக் கழற்றினார், மறுபடி மாட்டினார். பின்னாளில் பஸ் கம்பெனி நடத்தியதும், 1937-இல் பீளமேட்டில் மின்மோட்டார் உருவாக்கத்தில் பங்கெடுத்ததும் அந்தக் கைதான். தன்னம்பிக்கை அவருக்கு மேடைப்பேச்சில் வரவில்லை; கழற்றியதைத் திரும்ப மாட்ட முடிந்ததில் வந்தது. உனக்கும் அப்படித்தான் வரும்.

இனி என்ன செய்யப்போகிறாய்?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மரவேலை, பெயிண்ட், வலை என்று கரையே பட்டறையாக மாறும். என்ஜின்களைப் பிரிப்பதும் அப்போதுதான். உனக்கு இதைவிடப் பெரிய கல்லூரி எது? தேங்காய்த்திட்டுக்குப் போ, கடலூர் துறைமுகத்துக்குப் போ. மூத்த மெக்கானிக் ஒருவரிடம் கையாளாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேள். முதலில் போல்ட் கழுவத்தான் விடுவார்கள். கழுவு. எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று நோட்டில் எழுது. யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நோட்டை மட்டும் மூடாதே.

தடைக்காலம் முடிந்து படகு கிளம்பும்போது, நீ மாட்டிய கவரில் ஒரு சொட்டுகூட ஈரம் இருக்கக் கூடாது. அப்படி ஒன்றே ஒன்று செய்து காட்டு. அடுத்த படகுக்காரர் வந்து உன் சான்றிதழைக் கேட்க மாட்டார், தம்பி. போன் நம்பரைக் கேட்பார்!