மீதி ரெண்டு அடி யாருக்கு?

சிலம்ப வகுப்புக்குப் போகும் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். புதிதாக ஒருத்தன் வருவான். முதல் நாளே எல்லாம் தெரிந்தவன் மாதிரி நிற்பான். பழைய மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "இவனுக்கு ஒரு நாள் காட்டணும்" என்று யாராவது மெதுவாகச் சொல்வார்கள்.

நான் காட்டினேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, லாபிஸில் எங்கள் வகுப்பு சனிக்கிழமை மாலையில் நடக்கும். ஆசான், ஏழெட்டு பெரிய பசங்க, மீதி எல்லாம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். அன்று ஆசான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பொறுப்பு என் கையில். பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். ஜொகூர் பாருவில் ஏதோ ஜிம்மில் ஆறு மாசம் மூவாய் தாய் பழகியவனாம். சப்பாத்தைக் கழற்றாமலே களத்துக்குள் நடந்தான். மண்ணைத் தொட்டுக் கும்பிடச் சொன்னால் சிரித்தான். பிள்ளைகள் காலடி போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, இது டான்ஸ் மாதிரி இருக்கே, நிஜ சண்டைக்கு ஆகுமா?" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வா தம்பி, பார்க்கலாம்" என்று ஒரு கம்பை அவன் கையில் கொடுத்தேன். கம்பை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவனுக்குத் தெரியாது. மணிக்கட்டில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று, குனிந்தபோது முதுகில் ஒன்று. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அவன் கம்பைக் கீழே போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம். பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம் ஆசான் கேட்டார். "எத்தனை அடி அடிச்ச?"

"மூணு, ஆசான்."

"மொத அடி அவனுக்கு. சரி, வச்சுக்க. மீதி ரெண்டு அடி யாருக்கு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். அந்த ரெண்டும் எனக்காக. கைதட்டலுக்காக. "டான்ஸ்" என்ற ஒரு சொல்லில் காயப்பட்ட என் பெருமைக்காக. ஆறு மாசம் பழகிய அவன் ஆணவக்காரன் என்றால், எட்டு வருசம் பழகிவிட்டு, கம்பு பிடிக்கத் தெரியாதவனைச் சின்னப் பிள்ளைகள் முன்னால் அடித்த நான் யார்?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதில்லை. மகாபாரதத்தில் அஸ்தினாபுரத்து அரங்கை நினைத்துப் பாருங்கள். துரோணரின் மாணவர்கள் வித்தை காட்டும் நாள். அர்ச்சுனன் முடித்து ஊரே ஆரவாரம் செய்யும் நேரத்தில் ஒருத்தன் உள்ளே வருகிறான். "நீ செய்ததை எல்லாம் நானும் செய்வேன், அதைவிட நன்றாகவே செய்வேன்" என்கிறான். நம்ம வகுப்பாக இருந்தால் கர்ணனை என்ன சொல்லியிருப்போம்? திமிர் பிடித்தவன் என்றுதான்.

ஆனால் துரோணர் அனுமதி கொடுக்கிறார். கர்ணனும் செய்து காட்டுகிறான். சிக்கல் அதற்கு அப்புறம்தான் வருகிறது. அர்ச்சுனனோடு மோத வேண்டும் என்று அவன் கேட்டதும் கிருபர் எழுந்து, "உன் குலம் என்ன, தாய் தந்தை யார்?" என்கிறார். அவன் முகம் தொங்கிப் போகிறது. பிறகு தேரோட்டி அதிரதன் தள்ளாடி அரங்குக்குள் வர, மகன் முடிசூடிய தலையோடு அவர் காலில் விழுகிறான். பீமன் சிரிக்கிறான், "போய்ச் சாட்டையை எடு" என்று. இந்த இடத்தில் ஆணவம் யார் பக்கம்? வந்தவனிடம் இருந்தது கொஞ்சம். உள்ளே இருந்தவர்களிடம் இருந்தது நிறைய.

அந்த முடியைச் சூட்டியது யார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அரங்கில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, துரியோதனன் அவனை அங்கே, அப்போதே அங்க நாட்டுக்கு அரசனாக்குகிறான். அவமானப்பட்டவனிடம் 'நீ எங்க ஆளு' என்று சொல்ல ஒருத்தன் தயாராக இருந்தான். அதற்கு அப்புறம் கர்ணன் யார் பக்கம் நின்றான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நம் நாட்டில் இது வெறும் கதை இல்லை. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டது. அப்போது சொன்ன கணக்குப்படி உறுப்பினர்கள் சுமார் 40,000 பேர், அதில் 28,000-க்கும் மேல் இந்தியர்கள். நாட்டு மக்களில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்தான். அந்தப் பையன்கள் எல்லாம் சிலம்ப வகுப்பில் அடிபட்டுப் போனவர்கள் என்று சொல்ல வரவில்லை. வறுமை, பள்ளியை விட்டது, வீடு என்று காரணம் நிறைய. ஆனால் கெத்தாக வாசலுக்கு வரும் பதினேழு வயசுக்காரன் அநேகமாக மரியாதையைத் தேடித்தான் வருகிறான். அதை எங்கே கொடுத்தாலும் போவான்.

'அப்படின்னா எவன் வந்து என்ன பேசினாலும் கேட்டுக்கிட்டு நிக்கணுமா?' என்று கேட்பீர்கள். இல்லை. 1994 டிசம்பரில் யோஜி அஞ்சோ என்ற ஜப்பானிய மல்யுத்த வீரர், பத்திரிகையாளர்களைக் கூட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸில் ரிக்சன் கிரேசியின் ஜியு-ஜிட்சு கூடத்துக்கே சவால் விடப் போனார். ரிக்சன் பத்திரிகையாளர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு அவரைத் தோற்கடித்தார். அஞ்சோவின் முகமெல்லாம் ரத்தம். அது தொழில்முறை வீரர், தெரிந்தே கேட்டு வந்த சண்டை. அதை எடுத்து நம்ம தோட்டத்துப் பையன் மேல் போடுவது தவறு. அதிலும் பாருங்கள், அங்கே கதவு சாத்தியிருந்தது. நான் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடித்தேன்.

வேறு வழி நம்மிடமே இருக்கிறது. வனபருவத்தில் பீமன் பூப்பறிக்கப் போகும் வழியில் ஒரு கிழக்குரங்கு படுத்திருக்கிறது. 'நகரு' என்று அதட்டுகிறான். 'முடியலப்பா, வாலைத் தூக்கி ஓரமா வச்சுட்டுப் போ' என்கிறது. ஒரு கையால் முடியவில்லை, ரெண்டு கையாலும் முடியவில்லை. அனுமன் ஒரு அடி அடிக்கவில்லை. வேலையைக் கொடுத்தார், அவ்வளவுதான். அவன் வணங்கியதும், தான் அவனுடைய அண்ணன் என்று சொல்லிக் கட்டித் தழுவிக்கொண்டார்.

எங்கள் ஆசானும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறார். பிறகு வந்த இன்னொரு வாய்க்கார பையனை, பதினோரு வயசுப் பெண் பிள்ளையோடு நிறுத்தினார். கம்பு இல்லை, காலடி மட்டும். பத்து நிமிசத்தில் அவன் கால் பின்னிக்கொண்டது. சிரிக்க ஆரம்பித்த எங்களை ஆசான் ஒரு பார்வை பார்த்தார், வாயை மூடிக்கொண்டோம். "அவ ரெண்டு வருசமா இதையே பண்றா, தம்பி. நீ இன்னிக்குத்தானே வந்திருக்க" என்றார். அந்தப் பையன் இன்னும் வருகிறான். வாய் குறையவில்லை, அது வேற விசயம்.

சின்னப் பிள்ளைகளை வேண்டுமென்றே அடித்த ஒருத்தனை மட்டும் ஆசான் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். அதிலும் சத்தம் இல்லை. தனியே கூப்பிட்டு, கம்பை வாங்கிக்கொண்டு, "மூணு மாசம் கழிச்சு வா" என்றார். வரவில்லை. ஆசானும் எல்லோரையும் காப்பாற்றி விடுவதில்லை.

நான் அடித்த பையனைப் போன மாதம் பாசார் மாலாமில் பார்த்தேன். தம்பியோ, அக்கா மகனோ, ஒரு சின்னப் பையன் அவன் கையைப் பிடித்திருந்தான். நான் பார்க்காத மாதிரி போயிருக்கலாம். போய் நின்று, "அன்னிக்கு நான் செஞ்சது தப்புடா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இன்னும் கிளாஸ் நடக்குதா?" என்று கேட்டான்.

"சனிக்கிழமை அஞ்சு மணி."

நாலு சனிக்கிழமை போய்விட்டது. இன்னும் வரவில்லை. வாசல் பக்கம் மோட்டார் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.