ஒரே சாமிகிட்ட ரெண்டு வேண்டுதல்



இந்தப் பதிவுல அற்புதம் எதுவும் கிடையாது. பரிகாரமும் கிடையாது. ரொம்ப நாளா மனசைக் குடைஞ்சுக்கிட்டிருக்கிற ஒரு கேள்வி மட்டும் இருக்கு.

ஒரே நாள், ஒரே சன்னதி. ஒருத்தர் "மழை வேணும் முருகா"ன்னு கேக்குறார். பக்கத்துல நிக்கிற இன்னொருத்தர் "மழை வேண்டாம் முருகா"ன்னு கேக்குறார். ரெண்டு பேரும் உண்மையான பக்தர்கள். முருகன் யார் பக்கம் நிப்பான்?

இது கற்பனை இல்ல. வேண்டாம்னு கேட்டவன் நான்.

சென்னையில பிறந்து வளர்ந்தவன் நான். வேலை மாற்றலாகி கோவில்பட்டிக்கு வந்தப்போ ஒரு பெட்டியும், "ஆறு மாசத்துல திரும்பிடுவேன்"ங்கிற நம்பிக்கையும்தான் கையில இருந்துச்சு. வந்து இறங்கினது சித்திரை வெயில். கரிசல் காடு முழுக்க வெடிச்சுக் கிடந்துச்சு. வெடிப்புக்குள்ள கால் மாட்டிக்கும்னு சொன்னாங்க, நம்பல. அப்புறம் நேர்லயே பார்த்தேன். குழாயில தண்ணி தினமும் வராது. அது வர்ற நாளை வச்சுத்தான் மத்த வேலையெல்லாம் நடக்கும். டீக்கடைக்குப் போனா "தம்பி எந்த ஊரு?"ன்னு கேப்பாங்க. சில சமயம் அந்தக் கேள்விக்குப் பின்னாடி இன்னொரு கேள்வியும் ஒளிஞ்சிருக்கும். உங்களுக்கே புரியும்.

அப்போ எனக்கு இருந்த ஒரே ஆறுதல் கழுகுமலை. கோவில்பட்டியில இருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். மலையைக் குடைஞ்ச குகைக்குள்ள கழுகாசலமூர்த்தி மேற்கு பார்த்து மயில் மேல உட்கார்ந்திருப்பார். தனியா விமானம் கிடையாது, மலையேதான் விமானம். கிருத்திகையோ செவ்வாயோ லீவு கிடைச்சா பஸ் ஏறிடுவேன். ஒவ்வொரு தடவையும் ஒரே வேண்டுதல்தான்: "முருகா, என்னை இந்த ஊர்ல இருந்து எடுத்துடு."

இப்ப யோசிச்சா சிரிப்பா இருக்கு. அவன் ஊருக்கே போய் அவன்கிட்டயே "உன் ஊர் வேண்டாம்"னு சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்.

வந்த முதல் ஐப்பசி. சென்னையில அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். தீபாவளியை ஒட்டித்தான் நாள் குறிச்சிருந்தாங்க. மழை பெஞ்சா எங்க தெரு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். முழங்கால் தண்ணியில அம்மாவை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறது? அதனால அந்தச் செவ்வாய்க்கிழமை கழுகுமலையில மனசார வேண்டினேன்: "முருகா, இன்னும் பத்து நாளைக்கு மழையே வேண்டாம். எங்கேயும் வேண்டாம்."

கண்ணைத் திறந்தா பக்கத்துல எங்க வீட்டு ஆச்சி. நான் மாடியில குடியிருக்கேன், கீழே வீட்டுக்காரங்க. ஆச்சிக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கு. அவங்களும் கண்ணை மூடி நின்னாங்க, உதடு மட்டும் அசைஞ்சுக்கிட்டிருந்துச்சு.

திரும்பி வரும்போது ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து சீட்.

"என்னய்யா வேண்டுன?"ன்னு கேட்டாங்க.

"அம்மாவுக்குக் கண்ணு நல்லாகணும்னு ஆச்சி. நீங்க?"

"வேற என்ன? மழதான். உளுந்து வெதச்சாச்சு. காஞ்ச மண்ணுல கெடக்கு. மழ தள்ளிப்போனா எறும்பு தூக்கிட்டுப் போயிரும். மறுபடி வெத வாங்க எங்க போறது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். சொன்னது பாதி உண்மை. மீதியைச் சொல்ல நாக்கு வரல.

சென்னைப் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். கரிசல்ல மானாவாரி வெள்ளாமைன்னா வானம் பார்த்த விவசாயம். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. உளுந்து, பாசி, சோளம், கம்பு, பருத்தி, மக்காச்சோளம்னு எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். சென்னையில ஒரு வருஷத்துக்குப் பெய்யுற மழையில ஏறக்குறைய பாதிதான் இங்க. பல பேர் மழைக்கு முன்னாடியே காஞ்ச மண்ணுல விதைச்சிடுவாங்க. மழை விழுந்த உடனே முளைக்கட்டும்ங்கிற கணக்கு. கரிசல் மண்ணு தண்ணியைக் குடிச்சா சீக்கிரம் விடாது. ரெண்டு நல்ல மழை சரியான நேரத்துல விழுந்தாலே பயிர் பாதி தூரம் வந்துடும். அந்த மழை தப்பினா விதையும் போச்சு, உழவுக்கூலியும் போச்சு.

அதைத்தான் நான் பத்து நாள் நிறுத்தி வைக்கச் சொல்லி வேண்டியிருக்கேன்.

அந்தப் பத்து நாளும் மழை வரல. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. "முருகன் என் பக்கம்"னு சந்தோஷமா கோவில்பட்டி திரும்பினேன். வாசல்ல ஆச்சி. முதல் வார்த்தையே, "அம்மா கண்ணு எப்படிய்யா இருக்கு? போன செவ்வா உங்கம்மாவுக்கும் சேத்துத்தான் வெளக்குப் போட்டேன்."

என் வேண்டுதல்ல அவங்க இல்ல. அவங்க வேண்டுதல்ல எங்கம்மா இருந்தாங்க, முகம்கூட பார்க்காத எங்கம்மா.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. மறுநாள் காலையில போய் உண்மையைச் சொல்லிட்டேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். சிரிச்சாங்க. "நீ திருகுனா நிக்கிறதுக்கு மழ என்ன குழாத் தண்ணியாய்யா? போ, போய்ச் சாப்பிடு." அந்த வருஷம் அவங்க ரெண்டாவது தடவை விதை வாங்கித்தான் விதைச்சாங்க. என்னாலதான் மழை தள்ளிப்போச்சுன்னு நான் நம்பல. இருந்தாலும் ஒரு உறுத்தல். மழை என் பேச்சைக் கேட்டுச்சா இல்லையாங்கிறது வேற விஷயம். அடுத்த வீட்டுச் சோத்துக்கு எதிரா நான் கேட்டேனே, அதுக்கு என்ன பதில்?

நான் எனக்குச் சொல்லிக்கிட்ட சமாதானம் இது: "வெளியூர்க்காரன், தெரியாமக் கேட்டுட்டேன். இந்த ஊர்க்காரங்க எல்லாருமே மழைதான் கேப்பாங்க."

அதுவும் தப்புன்னு கொஞ்ச நாள்ல தெரிஞ்சுது. பக்கத்து வீட்டு அக்கா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்க்கிறாங்க. வெளியூர்ப் பிள்ளைங்களுக்கு: இங்க தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்'னுதான் சொல்வாங்க. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பக்கம் இந்தத் தொழில் வேர் பிடிச்சதுக்கு இந்த வறண்ட காத்தும் வெயிலும் ஒரு காரணம். ஈரம் தீக்குச்சிக்கு ஆகாது. கையால செய்யுற சின்ன ஆபீஸ்கள்ல நாலு நாள் விடாம மழை பெஞ்சா வேலை படுத்துடும். செஞ்ச வேலைக்குத்தான் கூலி.

அந்த அக்காகிட்ட ஒருநாள் கேட்டேன், "அப்போ நீங்க சாமிகிட்ட மழை வேண்டாம்னுதானே கேப்பீங்க?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "மழ பேஞ்சா எனக்குக் கூலி இல்லதான் தம்பி. அதுக்காக மழ வேண்டாம்னு கேக்க வாய் வருமா? எங்கம்மா வீடு காட்டு வேலதான."

பத்து நாள் கூலி போனா அந்த வீட்டுல என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் அந்த வார்த்தை இன்னிக்கும் காதுல இருக்கு. நான் என் வசதிக்காக மழையை நிறுத்தச் சொன்னேன். அவங்க தன் கூலிக்கு எதிரா மழை கேக்குறாங்க. ரெண்டு பேரும் ஒரே முருகனைத்தான் கும்பிடுறோம்.

அப்பத்தான் பழனி ஞாபகம் வந்துச்சு. மாம்பழக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். கோவிச்சுக்கிட்டு கயிலாயத்தை விட்டு வந்த பிள்ளை. ஒரு விதத்துல அவனும் ஊர் மாறி வந்தவன்தான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? எங்கெங்க போனானோ அந்தந்த ஊர் பேரைத் தன் பேரா வச்சுக்கிட்டான். பழனியில பழனியாண்டவன். செந்தூர்ல செந்திலாண்டவன். இங்க கழுகாசலமூர்த்தி. இந்தப் பக்கம் பிள்ளைகளுக்குக் கழுகாசலம்னு பேர் வைக்கிறாங்க. "நான் கயிலாயத்துக்காரன்"னு அவன் எங்கேயும் சொல்லிக்கிட்டு நிக்கல. நான் மட்டும் மூச்சுக்கு முந்நூறு தடவை "நான் மெட்ராஸ்காரன்"னு சொல்லிக்கிட்டிருந்தேன்.

இன்னொருத்தரும் இருக்கார். கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர்னு தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் அடங்கின ஊரும் அதுதான். 1775-ல திருவாரூர்ல பிறந்தவர். திருத்தணியில முருகனே வந்து வாயில கற்கண்டு போட்டான்னு அவர் வரலாற்றுல சொல்வாங்க. அவர் கீர்த்தனைகள்ல முத்திரையே 'குருகுஹ', நம்ம முருகன் பேர். காவிரித் தண்ணியில வளர்ந்த மனுஷர் கடைசியா வந்து சேர்ந்தது இந்தக் கரிசல் பூமிக்கு. அவர் தம்பி பாலுசுவாமி எட்டயபுரம் சமஸ்தானத்துல இருந்தார். 1835 தீபாவளி அன்னிக்கு தீட்சிதர் இங்கேயே மறைஞ்சார். சமாதி இன்னும் இருக்கு.

வர்ற வழியில மண்ணு காஞ்சு வெடிச்சுக் கிடக்கிறதைப் பார்த்து மனசு உருகி, அமிர்தவர்ஷிணி ராகத்துல பாடினார், மழை கொட்டுச்சுன்னு வழிவழியா ஒரு கதை உண்டு. மழை வந்ததைத்தான் எல்லாரும் பெருசா சொல்வாங்க. எனக்கு அதுக்கு முந்தின நிமிஷம்தான் பெருசாத் தெரியுது. அவருக்கு இந்த ஊர்ல ஒரு குழி நிலம் கிடையாது, உளுந்து கிடையாது. வழிப்போக்கர். வந்த ஊரோட வானத்தை நிமிர்ந்து பார்த்ததும் தனக்குன்னு ஒண்ணும் கேக்கல, அந்த ஊருக்காகக் கேட்டார். நான் ஆறு மாசம் இங்க குடியிருந்தும் செய்யாத ஒண்ணு அது.

சரி, இனிமே "மழை வேணும்"னு கேட்டா முடிஞ்சுதா? அப்படியும் இல்ல. 2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல. கோவில்பட்டியிலயும் கொட்டித் தீர்த்துச்சு. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ், நூத்துக்கணக்கான பயணிகளோட ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போச்சு. பக்கத்துல புதுக்குடி கிராமத்து ஜனங்க, தங்களையும் வெள்ளம் சூழ்ந்திருந்த நேரத்துல, இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி அவங்களுக்குச் சோறு கொடுத்தாங்க. "எந்த ஊரு?"ன்னு கேட்டுட்டா சோறு போட்டிருப்பாங்க?

கேட்ட மழையே வெள்ளமாவும் வரலாம். எது எவ்வளவு வேணும்னு கணக்குப் போட நமக்குத் தெரியாது. இத்தனைக்கும் அப்புறம் எனக்குப் பிடிபட்டது ஒண்ணே ஒண்ணு.

ஊரைத் தெரியாதவனுக்கு வேண்டுதல் ரொம்ப சுலபம். முதல் வருஷம் எனக்குத் தெரிஞ்சது நானும் எங்கம்மாவும்தான். அதனால ஒரே வரியில கேட்டுட்டேன். இப்போ கண்ணை மூடினா ஆச்சியோட உளுந்து தெரியுது. அக்காவோட கூலி தெரியுது. எங்கம்மா தெருவுல நிக்கிற தண்ணியும் தெரியுது. எதைக் கேட்டாலும் யாருக்கோ ஒருத்தருக்கு இடிக்குது. சன்னதியில வார்த்தை வராம நிக்கிறேன். அந்தத் திணறல்தான் நான் இந்த ஊர்க்காரனாயிட்டதுக்கு அடையாளம்னு நினைக்கிறேன். வெயில் பழகுறதும், சேவும் கடலை மிட்டாயும் பிடிச்சுப்போறதும் யாருக்கும் நடக்கும். நம்ம வேண்டுதலுக்குள்ள அந்த ஊர் ஜனங்க வந்து உட்கார்ந்துக்கிறதுதான் பெரிய விஷயம்.

தனக்காகக் கேக்குறது தப்பான்னு நீங்க கேக்கலாம். தப்பில்ல. அம்மா கண்ணுக்காகப் பிள்ளை கேக்காம வேற யார் கேப்பா? "அம்மா கண்ணைக் காப்பாத்து"ன்னு கேட்டிருந்தா அது வேண்டுதல். அதை எப்படிச் செய்யணும்னு நானே முடிவு பண்ணி, யாருக்கு என்ன நஷ்டம்னு பார்க்காம மழையை நிறுத்தச் சொன்னேனே, அதுதான் தப்பு.

இன்னொண்ணும் எனக்கு நானே வச்சுக்கிட்டேன். மழை கேட்டவன் மழையோட செலவுலயும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கணும். சும்மா கொடுத்தா அக்கா வாங்க மாட்டாங்க. அதனால ஆபீஸ் இல்லாத மழை நாள்ல எனக்கும் ரூம்ல இருக்கிற ரெண்டு பசங்களுக்கும் சாப்பாடு அவங்க வீட்டுலதான். ஹோட்டலுக்குக் கொடுக்கிற காசு அங்க போகுது. பெரிய தர்மம் ஒண்ணும் இல்ல. அக்கா வைக்கிற ரசத்துக்கு நாங்கதான் கடன்பட்டிருக்கோம்.

மாற்றல் இன்னும் வரல. கேக்குறதை விட்டுட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். மெரினா காத்து இன்னும் கனவுல வருது. போன ஐப்பசியில சென்னைக்குப் போயிருந்தேன். ராத்திரி நான் போனையே பார்த்துக்கிட்டிருந்ததைப் பார்த்து, "இங்கதான் மழையே இல்லையே, என்னத்தடா பார்க்கிற?"ன்னு அம்மா கேட்டாங்க.

"கோவில்பட்டியில மழையாம்மான்னு பார்க்கிறேன்"னேன்.

உங்கள்ல எத்தனையோ பேர் படிப்புக்கோ, வேலைக்கோ, கல்யாணமாகியோ புது ஊருக்குப் போயிருப்பீங்க. பிடிக்காத ஊரா இருக்கலாம். அதைப் பிடிச்சே ஆகணும்னு நான் சொல்லல. அடுத்த தடவை அந்த ஊர் முருகன் முன்னாடி நிக்கும்போது, பக்கத்துல நிக்கிறவங்க என்ன கேக்குறாங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. அப்புறம் உங்க வேண்டுதலைச் சொல்லுங்க.

கழுகாசலமூர்த்திக்கு அரோகரா!
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!