பட்டறை இல்லை என்று சொல்லாதே!

"ஐடியா இருக்கு சார், செஞ்சு பார்க்கத்தான் வசதி இல்லை." இந்தப் புலம்பலை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பாய், தம்பி? ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. சின்ன பிளாஸ்டிக் மூடி ஒன்றுக்குக்கூட மோல்டு வெட்ட வேண்டியிருந்தது. மோல்டு என்றாலே லட்சக் கணக்கு. இன்று மூடியைக் கணினியில் வரைந்து, 3டி பிரிண்டரில் அச்சிட்டுத் தரும் இணையதளத்தில் ஃபைலை ஏற்று. விலை திரையிலேயே வந்து நிற்கிறது. "ஒண்ணே ஒண்ணுதானா?" என்று முகம் சுளிக்க அங்கே ஆளில்லை. பொருள் கூரியரில் வீட்டுக்கே வந்துவிடும்.

வரையும் மென்பொருள் வாங்கக் காசில்லையா? ஃப்ரீகேட் இலவசம். டிங்கர்கேட் இலவசம், பள்ளிப் பிள்ளைகள் அதில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். நீ இன்னும் சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறாய்!

சாக்குத் தேடாத ஒருவரைப் பார். ரிச்சர்ட் வான் ஆஸ் தென்னாப்பிரிக்காவில் தச்சர். 2011இல் ரம்பத்தில் கைவிரல்களை இழந்தார். செயற்கை விரலின் விலை கட்டுப்படியாகவில்லை. மூலையில் உட்கார்ந்து அழுதாரா? இணையத்தைத் துழாவினார். அமெரிக்காவில் ஐவன் ஓவன் என்பவர் வேடிக்கைக்காகச் செய்த இயந்திரக் கை ஒன்றின் வீடியோ கண்ணில் பட்டது. அவருக்கு எழுதினார். இருவரும் மருத்துவர்கள் அல்லர். நடுவில் ஒரு பெருங்கடல். ஆளுக்கொரு 3டி பிரிண்டர் கிடைத்ததும் ஒருவர் திருத்திய ஃபைலை மற்றவர் தன் ஊரிலேயே அச்சிட்டுப் பார்த்தார். விரல்களின்றிப் பிறந்த ஐந்து வயதுச் சிறுவனுக்குக் கை தயாரானது. வடிவமைப்பைப் பூட்டிவைக்காமல் திங்கிவர்ஸ் தளத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அந்த வழியில் வந்த கைகளை இன்று பல நாடுகளில் தன்னார்வலர்கள் செய்து தருகிறார்கள்.

திங்கிவர்ஸ் போன்ற தளங்களில் ஆயிரமாயிரம் வடிவங்கள் சும்மா கிடக்கின்றன. எடு, பிரித்துப் பார், மாற்று. அடுத்தவன் வரைந்த சாவிக்கொத்தை அப்படியே அச்சிட்டு ஸ்டேட்டஸ் போடுவதற்குப் பெயர் முயற்சி இல்லை, தம்பி.

நீ வரைந்தது முதல் தடவை பொருந்தாது. இதை இப்போதே தெரிந்துகொள். 8 மி.மீ. கம்பிக்குச் சரியாக 8 மி.மீ. துளை வரைந்திருப்பாய், அச்சாகும்போது துளை ஒரு மயிரிழை சுருங்கும், கம்பி நுழையாது. அச்சிட்டவனைத் திட்டாதே. 0.3 மி.மீ. கூட்டி மறுபடி அனுப்பு. கொக்கி ஒடிந்ததா? ஒடிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார். அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பிளந்திருக்கும். இழுவிசை அடுக்குகளைப் பிரிக்கும் வாக்கில் விழுந்திருக்கிறது. மாதிரியைப் படுக்கவைத்து அச்சிடச் சொல். எந்த வகுப்பிலும் இவ்வளவு மலிவாக இந்தப் பாடம் கிடைக்காது. தப்பான துண்டுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். மோல்டு வெட்டிய பிறகு அதே தப்பு தெரிந்தால் கடையையே மூட வேண்டியதுதான்.

வீட்டில் மிக்ஸி குமிழ் ஒன்று உடைந்து கிடக்கும். எடு அதை. வெர்னியரை வை, அள, வரை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஃபைலை அனுப்பிவிடு!