விதியை விரட்டிய பிறகு

புற்றுநோய் தந்தையைக் கொண்டுபோன வீட்டிலே, பதினாறு வயது மகன் திகைத்து நிற்கிறான். ஊரார் வருகின்றனர். "தலைவிதி" என்கிறார் ஒருவர். "முற்பிறவிப் பாவம்" என்கிறார் மற்றொருவர். "வாசற்படியை மாற்றச் சொன்னேன், கேட்டார்களா?" என்கிறார் மூன்றாமவர். ஆறுதல் கூற வந்தவர்கள், அழும் பிள்ளையின் கையிலே குற்றப்பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்!

விதியை நாம் மறுக்கிறோம். மறுப்பது எளிது. மறுத்த பிறகு அந்தப் பிள்ளைக்கு நாம் தருவது என்ன? ஊன்றுகோல் உளுத்தது என்று பிடுங்கியவன், தன் தோளைக் கொடுக்கக் கடமைப்பட்டவன். தோள் கொடுக்க மனமில்லாதவனுக்குக் கோலைப் பிடுங்கும் உரிமை ஏது?

முதலில் தரவேண்டியது உண்மை. உடலின் உயிரணுக்கள், மரபணுக்களில் மாற்றங்கள் சேர்ந்து, கட்டுப்பாடு இழந்து பெருகுவதே புற்றுநோய். புகையிலை அதற்கு ஒரு காரணம், சில நோய்க்கிருமிகள் காரணம், முதுமை காரணம், அணு பிரியும்போது தற்செயலாக நேரும் பிழையும் காரணம். பெற்றோர் வழியாக வருவது நூற்றுக்கு 5 முதல் 10 வரையே. தொட்டால் ஒட்டுவதில்லை, ஒரே தட்டில் உண்டால் தொற்றுவதில்லை.

பாடப்புத்தகச் செய்திதானே என்று எண்ணாதீர், தோழர்களே! "அப்பாவோடு சண்டை போட்டேனே, அதனால் வந்ததோ?" என்று ஒரு சிறுமி இரவெல்லாம் விழித்திருப்பாள். "அடுத்து அம்மாவுக்கோ? எனக்கோ?" என்று நடுங்குவாள். வாய்விட்டுக் கேட்கமாட்டாள். கேட்காத கேள்விக்கு விடை சொல்லும் அன்பு வேண்டும் நமக்கு. "உன்னால் வரவில்லை, அம்மா" என்ற சொல்லுக்கு ஆயிரம் தாயத்துக்கு இல்லாத ஆற்றல் உண்டு.

"அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்", "தூங்குகிறார்" என்று சின்னஞ்சிறு பிள்ளைகளை ஏய்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஊருக்குப் போனவர் திரும்பாதது ஏன் என்று பிள்ளை ஏங்கும்; தூங்கவே அஞ்சும். "இறந்துவிட்டார், இனி வரமாட்டார், உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்" என்பதே நேர்மை. அந்த நேர்மையே அன்பு.

இந்த நோய் ஒரே நாளில் கொல்வதில்லை. மாதக்கணக்கில் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைச்சல், கடன், கண்விழிப்பு, வலியில் துடிப்பவரின் முனகல். முடிவு வந்ததும், "அப்பாடா" என்றொரு மூச்சு தன்னையறியாமல் வந்துவிடுகிறது. அந்த மூச்சுக்காகவே பிறகு தன்னை வெறுக்கிறான் இளைஞன். அவனிடம் சொல்லுங்கள்: தந்தையின் வலி ஒழியட்டும் என்று நீ விரும்பினாய்; தந்தை ஒழியட்டும் என்று விரும்பவில்லை.

"ஆண்பிள்ளை அழலாமா?" என்பார்கள். 1969 பிப்ரவரி 3 அன்று அறிஞர் அண்ணாவைப் புற்றுநோய் பறித்தபோது, சென்னைத் தெருக்களிலே இலட்சக்கணக்கானோர் கதறினர். கடவுளை மறுத்தவர்கள் கண்ணீரை மறுக்கவில்லை. கண்ணீர் மூடநம்பிக்கை அன்று. அன்பின் கணக்கு அது.

இளந்தோழர்களுக்கு ஒரு சொல். இழவு வீடு வாதமேடை அன்று. தந்தையின் படத்துக்கு முன் ஒருவன் விளக்கேற்றினால், அங்கே தத்துவம் பேசாதீர். "பீடி குடித்தார், செத்தார்" என்று மகன் காதுபட உரைக்காதீர். புகையிலையின் தீமையைப் பேச வேறு நாளும் வேறு மேடையும் உண்டு. ஆனால் அவன் மொட்டையடிக்க மறுக்கும்போது ஊர் மிரட்டினால், அவன் பக்கத்தில் நில்லுங்கள். மகள் பார்க்கத் தாயின் வளையலை உடைக்கவும் பொட்டை அழிக்கவும் கைகள் நீளுமானால், குறுக்கே நில்லுங்கள். தந்தையை நோய் கொண்டுபோயிற்று. தாயின் மதிப்பை ஊர் கொண்டுபோக விடலாமா? "இனி அடுப்படியை அவள் பார்க்கட்டும்" என்று பெண்ணின் படிப்பை நிறுத்துகிறார்களே, அதையும் தடுங்கள். துக்கத்தின் பேராலே நடக்கும் அநீதியும் அநீதியே!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையைப் புற்றுநோய் 1923-இல் கொண்டுபோயிற்று. விதி என்று அவர் ஓயவில்லை. இந்நோய்க்கென்று மருத்துவமனை வேண்டும் என்று பாடுபட்டார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பணியைத் தொடங்கியது. இடையே 31 ஆண்டுகள்! எல்லோருடைய துயரும் மருத்துவமனையாக மலரவேண்டும் என்பதில்லை. துயருற்ற இளைஞன் மீது அந்தச் சுமையை ஏற்றவும் கூடாது. விதியை ஏற்க மறுத்த மனம் வெறுமையில்தான் முடியும் என்பது பொய். அதற்குச் சான்றாக நிற்கிறது அந்தக் கட்டடம்.

செய்யவேண்டியவை எளியவை. பதினாறாம் நாளோடு கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் பதினேழாம் நாள் போங்கள். தவறிய பாடங்களை எழுதிக் கொடுங்கள். இறப்புச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அலுவலகப் படியேறத் துணை போங்கள். இறந்தவரைப் பற்றிப் பேசத் தயங்காதீர், "உன் அப்பா எப்படிச் சிரிப்பார்?" என்று கேளுங்கள். இளையோர் துயரம் விட்டுவிட்டு வரும். இன்று பந்தாடுவான்; தேர்வில் வென்ற நாளில், காட்டுவதற்குத் தந்தை இல்லையே என்று உடைந்துபோவான். அந்த நாளை நினைவில் வையுங்கள்.

மாதங்கள் பல கடந்தும் உணவும் உறக்கமும் படிப்பும் திரும்பவில்லையென்றால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "நானும் போய்விடுகிறேன்" என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தாலும் காத்திராதீர், தனியே விடாதீர். 2022 முதல் இயங்கும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416. மந்திரிக்கப்பட்ட கயிற்றை விடப் பயன் தருவது அது.

மேலுலகில் சந்திக்கலாம் என்ற உறுதியை நாம் எவருக்கும் தர இயலாது. நாளை மாலை வருகிறேன் என்ற உறுதியைத் தர இயலும். அதைத் தருவோம். தந்தபடி போவோம்.