பன்றிக்குத் தூக்கு, யானைக்கு வழக்கு

1386இல் பிரான்சின் ஃபலேஸ் நகரில் ஒரு பன்றியைத் தூக்கிலிட்டார்கள். குழந்தையைக் கொன்றது என்பது குற்றச்சாட்டு. விசாரணை, தீர்ப்பு எல்லாம் முறைப்படி நடந்தன. தண்டனையை நிறைவேற்றியவருக்குக் கூலி கொடுத்த ரசீதுகூட இருக்கிறது. இன்று படித்தால் சிரிப்பு வரும். பன்றிக்கு ஏது நியாய அநியாயம்?

அந்தச் சிரிப்பில்தான் விஷயமே இருக்கிறது. ஏனென்றால், மனிதனைத் தனியே நிறுத்தப் போட்ட மற்ற கோடுகள் ஒவ்வொன்றாக அழிந்துவருகின்றன. 1960இல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் விலங்கு ஆய்வாளர் ஜேன் குடால் கண்ட சிம்பன்சி, புல்தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கரையான் பிடித்துத் தின்றது. குச்சியின் இலைகளை உருவிப் பக்குவப்படுத்தவும் தெரிந்திருந்தது. கருவி செய்யத் தெரிந்தவன் மனிதன் மட்டுமே என்ற பெருமை அதோடு போயிற்று. நியூ கலிடோனியாவின் காக்கைகள் கவட்டைக் குச்சியில் கொக்கியே செய்கின்றன.

தமிழ் மரபிலும் இந்தக் கோடு அவ்வளவு அழுத்தமாக இல்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கி, மனம் என்ற ஆறாவதை மனிதருக்குத் தருகிறது. ஆனால் உரையாசிரியர் இளம்பூரணர் கிளி, குரங்கு, யானையையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுகிறார். ஆறறிவு என்று மார்தட்டுகிறவர்கள் அந்த உரைப் பக்கம் போவதில்லை.

யானையின் வழக்கு நியூயார்க்கின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போனது. பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையின் ஹேப்பி, தலையில் இட்ட குறியைக் கண்ணாடியில் பார்த்துத் தும்பிக்கையால் தொட்டுக் காட்டிய யானை. அதை விடுவிக்க ஆட்கொணர்வு மனு! 2022இல் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் நீதிபதிகள் மறுத்தார்கள். சட்டக் கடமைகளை விலங்கு ஏற்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

இந்த வாதம் நிற்காது. கைக்குழந்தைக்கு என்ன கடமை தெரியும்? பெற்ற மகனையே மறந்துவிட்ட முதியவருக்கு? அவர்களை யாரும் கூண்டில் அடைப்பதில்லை. பேசுமா, சிந்திக்குமா என்று கேட்காதீர்கள், வலிக்குமா என்று கேளுங்கள் என 1789இலேயே ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தம் எழுதிவிட்டார்.

வேறுபாடு இல்லாமல் இல்லை. குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தகுந்த உயிர் மனிதன் ஒருவன்தான். அது அவனுக்குக் கிடைத்த சலுகை அல்ல, அவன் தலையில் விழுந்த பாரம். இந்திய அரசமைப்பும் இதை மனிதன் பக்கமிருந்தே பார்க்கிறது: 1976இல் சேர்ந்த 51ஏ பிரிவு, உயிர்களிடம் கருணை காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.