கண்டவன் பெயர் எங்கே?

விடியற்காலை. ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி வெள்ளித் தகடெனப் பரந்து கிடக்கிறது. தொலைவிலே பூநாரைக் கூட்டம். நீண்ட கழுத்தை வளைத்து, தலையைக் கவிழ்த்து, சேற்று நீரைச் சலித்து இரை தேடும் அழகுப் படை! இப்பால் ஒரு படகு, படகிலே இருவர். ஒருவர் கையில் தொலைநோக்கி, குறிப்பேடு. மற்றவர் கையில் படகு தள்ளும் கோல்.

"ஏம்பா, நேரா போ. கிட்டத்துல பார்க்கணும்."

"நேரா போனா எல்லாம் எழும்பிடும் சார். வடக்கால தண்ணி முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்கு. வெயில் ஏறினா அதுங்களே அங்க வரும். முன்னாடியே போய் அசையாம உக்காந்திருப்போம்."

உட்கார்ந்தனர். பறவைகள் வந்தன. எண்ணினார் ஒருவர், எழுதினார். மாதங்கள் சென்றன, அறிக்கை அச்சேறிற்று. பறவையின் இலத்தீன் பெயர் அதில் இருந்தது. நீரின் ஆழம் இருந்தது. பணம் வழங்கிய நிறுவனத்தின் பெயர் இருந்தது. எங்கே வரும், எப்போது வரும், எப்படி நெருங்க வேண்டும் என்று அறிந்து சொன்னவன் பெயர் மட்டும் இல்லை. அவன் இருந்தான், செலவுக் கணக்கிலே. 'படகு வாடகை' என்ற தலைப்பின் கீழே!

இது நான் தீட்டிய கற்பனைக் காட்சிதான். ஆனால் எந்த ஏரிக்கரையிலும், எந்தக் காட்டோரத்திலும் நடக்கக்கூடியது. நடந்ததும் உண்டு, ஒரு முறையன்று, பல முறை. ஆகவேதான் கேட்கிறேன், தோழர்களே: ஓர் உண்மையைக் கண்டவன் யார்? எழுதியவனா, காட்டியவனா?

சிறிய கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். தலையிலே பிறந்தவன், காலிலே பிறந்தவன் என்ற பழங்கதையை நாம் எள்ளி நகையாடுகிறோம். மேடைதோறும் அதன் பொய்மையைப் பிளந்து காட்டுகிறோம். ஆனால் மூளையாலே கண்டவர், காலாலே நடந்தவர் என்று ஒரு புதுக்கதை, விஞ்ஞானத்தின் வெள்ளைச் சட்டை அணிந்து வரும்போது, வாய்மூடி வரவேற்கிறோமே! சட்டை மாறினால் கதை மாறிவிடுமா?

கடல் கடந்து சென்று ஒரு சான்று பார்ப்போம்.

போர்னியோத் தீவின் காடுகளில் வாழும் மாபெரும் வாலில்லாக் குரங்கு ஒராங் உத்தான். மலாய் மொழியிலே 'ஒராங்' என்றால் மனிதன். 'உத்தான்' என்றால் காடு. குரங்கையும் காட்டு மனிதன் என்று அழைத்தது அந்த மண். அந்த மண்ணுக்கு 1854ஆம் ஆண்டு வந்தார் ஆங்கிலேயர் ஆல்பிரட் ரசல் வாலஸ். இயற்கைத் தேர்வின் மூலம் உயிரினங்கள் மாறுகின்றன என்ற கொள்கையை டார்வினைப் போலவே தாமும் தனியே எட்டிய பேரறிஞர். படைப்புக் கதையின் அடித்தளத்தை அசைத்த இருவருள் ஒருவர். நம் போன்றோர் போற்றத்தக்கவர்.

சரவாக்கிலே அவர் ஒரு பூச்சிக்கு ஒரு சதம் என்று விலை கூறினார். அங்கிருந்த மக்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்தனர். ஒராங் உத்தானை எந்த விலங்கு எதிர்க்கத் துணியும் என்று தயாக்குத் தலைவர்களைக் கேட்டார். முதலையும் மலைப்பாம்பும்தான் என்றனர். தம் நூலில் எழுதிக்கொண்டார். பின்னர் அவருக்குத் துணையாகச் சேர்ந்தான் அலி என்னும் மலாய் இளைஞன். வயது பதினைந்து இருக்கலாம். சமையலுக்கு வந்தவன் பறவை சுடக் கற்றான், தோலுரித்துப் பதப்படுத்தக் கற்றான், தீவு தீவாக உடன் சென்றான். வாலஸ் திரட்டிய பறவை மாதிரிகள் மட்டும் எட்டாயிரத்துக்கு மேல். அவற்றுள் பெரும்பகுதி அலியின் கைபட்டவை.

1858ஆம் ஆண்டு பச்சான் தீவிலே ஒருநாள், அலி ஒரு விந்தைப் பறவையுடன் வந்து நின்றான். தோளிலிருந்து வெண்ணிற இறகுகள் இரண்டிரண்டு கொடிபோல் நீண்டு நிற்கும் பறவை. ஐரோப்பிய விஞ்ஞானம் அதுவரை அறியாத பறவை. 'சொர்க்கப் பறவை' இனத்தைச் சேர்ந்தது என்பார்கள். சொர்க்கம் இருக்கிறதோ இல்லையோ, பறவை இருந்தது. அதைக் கண்டவன் அலி! இலண்டன் அருங்காட்சியகத்துக்கு அது சென்றது. 1859இல் பெயர் சூட்டினார்கள். என்ன பெயர்? 'வாலசி'!

வாலஸ் தீயவர் அல்லர். அலி கொண்டுவந்த பறவை அது என்பதை அவரே தம் நூலில் மறைக்காமல் எழுதினார். அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. 1862இல் பிரியும்போது அலியைப் படம் எடுத்துக்கொண்டார். துப்பாக்கி முதலியவற்றை அவனுக்கு அளித்துச் சென்றார். குற்றம் ஒரு மனிதனுடையதன்று, வழக்கத்தினுடையது. நல்லவன் கையாலும் அநீதி செய்விக்கும் ஆற்றல் வழக்கத்துக்கு உண்டு. சாதியிலே நாம் கண்ட பாடம் அல்லவா இது?

கதையின் முடிவைக் கேளுங்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1907இல், அமெரிக்க விலங்கியலார் தாமஸ் பார்பர் தெர்னாத்தே தீவுக்குச் சென்றார். அங்கே ஒரு கிழவர் அவரை எதிர்கொண்டு, தம்மை அறிமுகம் செய்துகொண்டார். என்ன சொன்னார் தெரியுமா? தம் பெயர் 'அலி வாலஸ்' என்றார்! பறவைக்கு அலியின் பெயரை உலகம் வைக்கவில்லை. உலகம் வைத்த பெயரை அலி தமக்கு வைத்துக்கொண்டார். இதை அன்பு என்பதா, அவலம் என்பதா? இரண்டும்தான்.

நூறாண்டு கழிந்தது. காலம் மாறிற்று, கருவி மாறிற்று. 1971ஆம் ஆண்டு பிருட்டே கால்டிகாஸ் என்னும் கனடா நாட்டுப் பெண்மணி போர்னியோவின் தஞ்சோங் புத்திங் காட்டில் முகாம் அமைத்தார். சுடுவதற்கு அன்று, பார்ப்பதற்கு. பெண்ணுக்கு அடுப்பங்கரையே அகிலம் என்போர் முகத்தில் கரி பூசிய துணிவு அது! அவரை வாழ்த்துவோம். வாழ்த்திவிட்டு, அந்த வேலை எப்படி நடக்கிறது என்றும் பார்ப்போம்.

ஒராங் உத்தான் இரவிலே மரக்கிளையை வளைத்துக் கூடு கட்டி உறங்கும். அது விழிக்கும் முன்பே, இருள் கலையாத வேளையில், ஆய்வாளர் அந்த மரத்தடியில் நிற்க வேண்டும். மாலையில் அது மறு கூடு கட்டிப் படுக்கும் வரையில், சதுப்பிலும் முள்ளிலும் பின்தொடர வேண்டும். என்ன தின்றது, யாரைச் சந்தித்தது என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்க வேண்டும். தாய் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே ஏழெட்டு ஆண்டு எடுத்துக்கொள்ளும். ஆகையால் ஓர் உயிரின் வாழ்வை அறிய மனிதனின் வாழ்வே செலவாகும். பட்டம் பெற வரும் மாணவர் ஈராண்டு இருப்பார், எழுதுவார், போவார். இருப்பவர் யார்? அந்த மண்ணின் தயாக்கு மக்களும் பக்கத்து ஊரினரும். எந்த மரம் எப்போது காய்க்கும், எந்தக் குரங்கு எந்தத் தாயின் பிள்ளை என்பதைப் பல்லாண்டுகளாக நெஞ்சிலே சுமப்பவர் அவர்கள். அவர்களுக்கு வழங்கிய பட்டம்: 'உதவியாளர்'.

உதவியாளர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதற்கு வரலாறே விடை சொல்லியிருக்கிறது. ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் ஜேன் குடால் 1960இல் தொடங்கிய சிம்பன்சி ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. 1975இல் ஆயுதம் தாங்கியோர் புகுந்து மாணவர் நால்வரைக் கடத்திச் சென்றனர். வெளிநாட்டு மாணவர்கள் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. ஆராய்ச்சி நின்றதா? இல்லை! தான்சானியா நாட்டுக் களப்பணியாளர்கள் நாள்தோறும் காட்டுக்குச் சென்றனர், பார்த்தனர், குறித்தனர். மூளை வெளியேறிய பின் கால் மட்டும் நடந்ததா? காலிலும் மூளை இருந்தது. அதுவரை எவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். செங்கற்பட்டு வட்டாரத்து இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தவர்கள். தோல் வணிகம் நடந்தவரையில் தோலுக்காகப் பிடித்தனர். 1970களில் அதற்குச் சட்டம் தடை போட்டதும் பிழைப்பு போயிற்று. ரோமுலஸ் விட்டேகர் என்னும் பாம்பியல் அறிஞர் துணைநிற்க, 1978இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலே விடுகின்றனர். பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள் அந்த நஞ்சுதான். மந்திரித்தால் விடம் இறங்கும் என்ற மடமைக்கு மாற்று மருந்து, மந்திரம் அறியாத இந்தக் கைகளிலிருந்து தொடங்குகிறது!

அந்த மக்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்தார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்பைக் கண்டுபிடிக்க அறிஞர்களும் அதிகாரிகளும் திணறினார்கள். இவர்களோ தடம் பார்த்து, புதர் பார்த்து, இரு வாரத்துக்குள் பதின்மூன்று பாம்புகளைப் பிடித்துத் தந்தனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மகிழ்கிறோம். ஆனால் விருது வேறு, பதிவு வேறு. விருது, கொடுப்பவரின் பெருந்தன்மை. பதிவு, கண்டவரின் உரிமை. ஆண்டுக்கு இருவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, அன்றாட ஏட்டிலே ஆயிரவரை 'உள்ளூர் உதவி' என்று சுருக்குவது நீதியாகுமா?

"அப்படியானால் மீனவன் சொன்னதெல்லாம் விஞ்ஞானமா? முகத்துவாரத்தில் மண் மேடிட்டால் அம்மன் சினம் என்றும் அவன் சொல்லக்கூடுமே!" என்று கேட்பார்கள். கேட்கட்டும், நல்ல கேள்வி. அம்மன் சினம் என்றால் ஒதுக்கு. எந்த மாதம் எந்தக் காற்று மணலைக் குவிக்கும், ஆரணி ஆற்று வெள்ளம் வந்தால் உப்பு எப்படிக் குறையும், கடலிலிருந்து வந்த இறால் குஞ்சு எந்தப் பௌர்ணமிக்குக் கடல் திரும்பும் என்று சொன்னால், அதைச் சோதித்துப் பார். பேராசிரியர் சொன்னாலும் அதே சோதனை. பகுத்தறிவு எவரையும் கும்பிடச் சொல்லவில்லை. பட்டினத்துப் பட்டதாரியையும் கும்பிடாதே, பட்டறிவு மிக்க மீனவனையும் கும்பிடாதே. இருவரையும் ஒரே தராசில் நிறுத்து. மதிப்பு என்பது அதுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இதே ஏரியிலே 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் வலை விரிக்கும் இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. வலியவனே வளமான இடத்தைக் கவர்ந்துகொள்ளாமல் காக்கும் நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர் புகழ்வர். உண்மைதான். ஆனால் அந்தப் பாடு குலத்தின் வழியே வந்த உரிமை. இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையாலே தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அதிலே பங்கு எங்கே? ஆகவே 'ஊரார் அறிவு' என்று பேசும்போதும் விழிப்பு வேண்டும். ஊரார் என்றால் யார்? தலைவர் வீட்டுத் திண்ணையில் கேட்டது மட்டும் ஊர்க் குரலாகாது. இருளப் பெண்ணின் விரல் நுனி அறிந்த சேற்றை, மீனைத் தரம் பிரித்து விற்கும் பெண்ணின் கண் அறிந்த கணக்கை, ஏட்டில் எழுதிய பிறகுதான் ஏரி முழுதாக எழுதப்பட்டதாகும்.

கண்டவன் பெயரை எழுதச் சொல்வது இரக்கத்துக்காக அன்று, உண்மைக்காக. விஞ்ஞானத்தின் முதல் விதி என்ன? சான்று எங்கிருந்து வந்தது என்று சொல். எவர் பார்த்தார், எங்கே நின்று பார்த்தார், எத்தனை ஆண்டு பார்த்தார் என்று சொன்னால்தான் அடுத்தவன் சென்று சரிபார்க்க முடியும். பார்த்தவனை மறைத்த அறிக்கை, சாட்சியை மறைத்த தீர்ப்புக்குச் சமம். "பெரியோர் சொன்னார்" என்ற சொல்லை நாம் ஏற்பதில்லை. "உள்ளூரார் சொன்னார்" என்ற சொல்லை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்? எந்த உள்ளூரார்? பெயர் என்ன?

ஆரம்பாக்கத்துக் கரையிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் இளைஞனே, நாளை நீயே தொலைநோக்கியும் குறிப்பேடும் ஏந்தி இந்த ஏரிக்கு வருவாய். வரவேண்டும். வரும்போது படகுக்காரரை 'ஏம்பா' என்னாதே. 'ஐயா' என்று அழை. வாடகையைக் கொடு, அதோடு கடன் தீர்ந்ததென்று எண்ணாதே. அவர் இசைந்தால், கண்டவர் வரிசையில் அவர் பெயரை எழுது. அச்சான அறிக்கையைத் தமிழில் கொண்டுவந்து, கரையிலே அமர்ந்து படித்துக் காட்டு. "இது தப்பு தம்பி" என்று அவர் ஓரிடத்தில் நிறுத்துவார். அந்த இடத்தில் சினம் கொள்ளாமல் குறிப்பேட்டை மீண்டும் திறந்தாயானால், அன்று நீ விஞ்ஞானி. அன்றுதான் நீ பகுத்தறிவாளன்.

பூநாரை தன்னைக் கண்டவர் எவரென்று கேட்காது. நாம் கேட்க வேண்டும்.