மயிலேறிப் போனவனும் நின்ற இடத்தில் வென்றவனும்

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் சுமார் 35 கிலோமீட்டர். போகிற வழியில் பூண்டுக்குப் பேர்போன பூம்பாறை. அங்கே குழந்தை வேலப்பர். மலையின் வடக்கு அடிவாரத்தில் பழனி, அங்கே தண்டாயுதபாணி. இந்த மலைத்தொடரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முருகன்தான். அவன் இங்கே வந்து நின்ற கதையும் எல்லோருக்கும் தெரிந்ததே. உலகை முதலில் சுற்றி வருபவருக்குப் பழம் என்றதும் தம்பி மயிலேறிப் பறந்தான். அண்ணன் அம்மையப்பனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை நீட்டினார். பழம் அண்ணனுக்குப் போயிற்று. கோபித்துக்கொண்டு மலையேறிய தம்பியைத்தான் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் லட்சக்கணக்கானவர்கள் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. அங்கும் ஒரு பழம் உண்டு. மதிப்பெண் என்று பெயர். நியூட்டனின் மூன்றாம் விதியை நாலு முறை வாய்விட்டுச் சொல்லி மனத்தில் நிறுத்திக்கொண்டால் இரண்டு மதிப்பெண் கைக்கு வந்துவிடும். எது எதைத் தள்ளிற்று, தள்ளப்பட்டது ஏன் மேலே போயிற்று என்று பார்க்க மயிலேறிப் போகிறவன், மணி அடிக்கும்போது பாதி வழியில் இருப்பான். சுற்றாமலே சொன்னது அறிவா, சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தது அறிவா? பிள்ளைகள் தங்கள் கையால் ராக்கெட் செய்து கணக்கும் அறிவியலும் படிக்க வேண்டும் என்பவர்கள் தம்பி கட்சி. ஆனால் அண்ணனை அவ்வளவு சுலபமாகத் தோற்கடித்துவிட முடியாது.

தமிழில் இந்த வழக்கு மிகப் பழையது. ஆறாம் வகுப்புக் கணக்கில் 'அளவைகள்' என்று ஒரு பாடம் வரும். மீட்டர், லிட்டர், கிலோ. அதே சொல்லைத்தான் தத்துவக்காரர்களும் வைத்துக்கொண்டார்கள். நெல்லை அளக்க மரக்கால் போல, உண்மையை அளக்கக் காட்சி, கருதல், உரை. கண்ணால் காண்பது, கண்டதிலிருந்து காணாததை ஊகித்துத் துணிவது, நம்பத்தக்கவர் சொன்னதை ஏற்பது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அளவையைத்தான் முதலில் பேசி முடிக்கிறார். எதைக் கொண்டு அளக்கிறோம் என்று தெரியாமல் எவ்வளவு என்று சொல்லக் கூடாது என்கிற கறார் அது.

சாத்தனாரின் மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். ஒருவர் பத்து அளவைகளை அடுக்குகிறார். வரிசையின் கடைசியில் பூதவாதி வருகிறான். அவனுக்குக் காட்சி ஒன்றே போதும். கண்ணுக்குத் தெரியாததைக் கருதுவதெல்லாம் வீண். மணிமேகலை சிரிக்கிறாள். உன் தாயையும் தந்தையையும் அனுமானத்தைத் தவிர வேறு எதைக் கொண்டு அறிந்தாய் என்று மடக்குகிறாள். பிள்ளையார் சுற்றிவந்ததும் அதே தாய் தந்தையரைத்தான் என்பது நினைவில் இருக்கட்டும்.

'செய்து பார்த்தால்தான் புரியும்' என்று இன்று கல்வி மேடைகளில் முழங்குகிறவர்களில் பாதிப் பேர் பூதவாதியின் வாரிசுகள். பார்த்ததாலேயே புரிந்துவிடும் என்றால், தீபாவளிக்குத் தீபாவளி ராக்கெட் விடுகிற நம் ஊரில் இந்நேரம் தெருவுக்கொரு விஞ்ஞானி இருக்க வேண்டும்.

மன்னவனூரில் ஒரு வகுப்பு தண்ணீர் ராக்கெட் விடுவதாக வைத்துக்கொள்வோம். வேண்டியவை கொஞ்சம்: காலியான குளிர்பானப் பாட்டில், அதன் வாய்க்கு இறுக்கமான கார்க், கார்க்கைத் துளைத்துச் செருகிய சைக்கிள் டியூப் வால்வு, காற்றடிக்கும் பம்ப், அட்டையில் வெட்டிய மூன்று இறக்கைகள். தீப்பெட்டியும் மருந்தும் கிட்டேயே வரக் கூடாது. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, தலைகீழாக நிறுத்தி, காற்றை அடிக்க அடிக்க உள்ளே அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் கார்க் பிடியை விடும். தண்ணீர் கீழே சீறும், பாட்டில் மேலே பாயும். பம்ப் அடித்தவன் தலையோடு நனைவான். பாட்டிலில் கீறல் இருந்தால் வெடிக்கலாம் என்பதால் மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும்.

இதுவரை வேடிக்கைதான். அடுத்து, எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் அதிக உயரம் போகும் என்று ஏவுவதற்கு முன்பே கேட்டால் வகுப்பில் பெரும்பாலான கைகள் 'நிறைய' என்பதற்கே உயரும். வெளியே தள்ளப்படுவது தண்ணீர். ஆகவே தண்ணீர் கூடினால் தள்ளலும் கூடும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. முக்கால் பாட்டில் ஊற்றி ஏவினால் அது கனத்துப்போய்க் கொஞ்சம் எழும்பி விழுந்துவிடும். தள்ளுவது காற்று, அது அடைந்திருக்க இடம் வேண்டும். தண்ணீரே இல்லாமல் ஏவினால் பாட்டில் ஒரு துள்ளு துள்ளி அடங்கும். காற்றுக்குத் தள்ள எடையுள்ள பொருள் வேண்டும். மூன்றில் ஒரு பங்கை ஒட்டித் தண்ணீர் இருக்கும்போதுதான் ஆள் உயரத்தைத் தாண்டி, மர உயரத்தையும் தாண்டும். அங்கே காட்சி பிள்ளைக்குப் பதில் எதையும் சொல்லித் தரவில்லை; அது கருதியது தப்பு என்று மட்டும் சொன்னது. அடுத்த கருத்தைப் பிள்ளையேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

உயரத்தை அளப்பதில்தான் மன்னவனூர் தன் குணத்தைக் காட்டும். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் வரும் கோபுரங்களும் கலங்கரை விளக்கங்களும் பெரும்பாலும் சமதளத்தில் நிற்கின்றன. கோணமானியின் நடுவில் நூல் கட்டி, நூல் முனையில் ஒரு நட்டைத் தொங்கவிட்டால் ஏற்றக்கோணம் பார்க்கும் கருவி தயார். நாற்பது மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். பாட்டில் உச்சிக்குப் போனபோது கோணம் 45 டிகிரி. டேன் 45 என்பது ஒன்று. ஆகவே உயரம் 40 மீட்டர். கைதட்டல்.

ஆனால் மன்னவனூரில் நாற்பது மீட்டருக்குச் சமதளம் எங்கே கிடைக்கிறது? உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் படிப்படியாக இறங்குகிற சரிவில்தான் விளைகின்றன. பார்ப்பவள் சரிவின் கீழே நிற்கிறாள், ஏவுமிடம் மேலே இருக்கிறது, சரிவு 15 டிகிரி என்று கொள்வோம். டேப் சரிவோடு கிடப்பதால் அது காட்டும் 40 மீட்டர் கிடைத்தூரம் ஆகாது; காஸ் 15-ஆல் பெருக்கினால் 38.6 மீட்டர்தான். 45 டிகிரிக்குக் கிடைக்கும் 38.6 மீட்டரும் அவள் கண்மட்டத்திலிருந்து எண்ணியது. அவள் உயரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஏவுமிடமே அவள் கண்மட்டத்துக்கு 10.4 மீட்டர் மேலே இருக்கிறது. கழித்தால் பாட்டில் உண்மையில் ஏறியது 28 மீட்டர் சொச்சம். புத்தகச் சூத்திரத்தை அப்படியே போட்டவள் 12 மீட்டரைக் காற்றில் சம்பாதித்திருக்கிறாள். உரை பொய்யென்று ஆகிவிடவில்லை; அது எந்த நிலத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது என்று அவள் கேட்கவில்லை. சரிவில் வளர்ந்த பிள்ளைக்கு இதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு சென்னைப் பிள்ளையைவிட அதிகம். மலைப் பள்ளிகளை எப்போதும் 'வசதியற்ற' என்ற அடைமொழியோடு எழுதிப் பழகியவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

மலையில் இன்னொரு ஆசிரியரும் உண்டு: மஞ்சு என்கிற மூடுபனி. இந்திய அளவை நூல்கள் பலவற்றிலும் பாடாய்ப் படுத்தப்பட்ட எடுத்துக்காட்டு, மலையில் புகை கண்டு நெருப்பை அறிவது. மணிமேகலையில் அறவண அடிகளும் அதையே சொல்கிறார்: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. ஆனால் அவர் அதோடு விடுவதில்லை. தர்க்கம் எங்கெங்கே சறுக்கும் என்றும் நீளமாகப் பட்டியல் தருகிறார். அதில் ஒன்று, தெரிவது ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே, அது புகைதான் என்று கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிந்துவிடுவது. பழனி மலையில் ஒரு டிசம்பர் காலை வெளியே வந்து நின்றவருக்கு இதற்கு உரையாசிரியர் வேண்டியதில்லை.

அந்தப் பழைய பிழையை ஒரு ராக்கெட்டே செய்த கதையும் நம்மிடம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு, நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகளைக் கொண்டு ஆசாதிசாட் என்ற சுமார் 8 கிலோ செயற்கைக்கோளை உருவாக்கியது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அதில் இருந்தார்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் புதிய சிறு ஏவுகலம் எஸ்எஸ்எல்வி அதைச் சுமந்துகொண்டு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப்பாதை என்பது திட்டம். கிடைத்ததோ ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 கிலோமீட்டர். அந்த உயரத்துக் காற்று எதையும் சுற்ற விடாது. செயற்கைக்கோள் போயிற்று.

காரணத்தை இஸ்ரோ பிற்பாடு விளக்கியது. இரண்டாம் அடுக்கு பிரியும்போது சில கணங்கள் ஓர் அதிர்வு. முடுக்கமானிகள் அந்த அதிர்வைப் பதிவு செய்தன. அவற்றில் பழுது ஏதும் இல்லை. ஆனால் பழுது கண்டறியும் மென்பொருள், அளவு மீறிய எண்களைக் கண்டதும் உணரிகள் கெட்டுவிட்டன என்று முடிவு கட்டி மாற்று வழிக்குத் தாவியது. அந்த வழியில் வேகம் நொடிக்கு சுமார் 56 மீட்டர் குறைந்துவிட்டது. கண் சரியாகத்தான் பார்த்தது. கருத்துதான் பனியைப் புகை என்றது. பிழை கண்டுபிடிக்கப்பட்டு, தர்க்கம் திருத்தப்பட்டு, 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சரியான பாதைக்குப் போனது. திருமங்கலத்து மாணவிகளுக்கு முதல் ஏவுதல் பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும். ஆனால் எந்தப் பாடநூலும் அவர்களுக்கு இப்படி ஒரு அனுமானப் பிழையைச் சொல்லித் தந்திருக்க முடியாது.

அதே பிப்ரவரி 19-இல் செங்கல்பட்டு மாவட்டம் பட்டிபுலத்திலிருந்து, பள்ளி மாணவர்கள் 5,000 பேர் பங்கேற்று உருவாக்கிய 150 பிக்கோ செயற்கைக்கோள்களோடு ஒரு ராக்கெட் ஏவப்பட்டது. நல்ல காரியம்தான், ஒரு கிராமத்துப் பிள்ளை தன் பெயரை விண்வெளியோடு சேர்த்துச் சொல்லிப் பார்க்கிற பெருமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. எனினும் எண்ணிக்கை பெருகப் பெருக, ஒரு பிள்ளையின் கைக்குத் தப்பு செய்யக் கிடைக்கிற இடம் சுருங்குகிறது. ஆயிரம் பேர் கூடி விடுகிற ராக்கெட்டைத் தோற்கவிட யாருக்கும் மனம் வராது. பாட்டில் ராக்கெட் காலையில் நாலு முறை தோற்கலாம், ஒருவரும் அறிக்கை விட வேண்டியதில்லை. தமிழக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இப்படிச் செய்து பார்க்கும் அறிவியலைக் கொண்டுபோக முயல்கிறது. அந்தச் சின்ன அளவுதான் இதற்குப் பொருத்தம்.

இங்கே சாமி எங்கே வருகிறார்? ஏவுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் சூலூர்ப்பேட்டை செங்காளம்மனைக் கும்பிடப் போவது வழக்கம்; ஒவ்வொரு முறையும் அதைக் கேலி செய்ய ஒரு கூட்டமும் தயாராக இருக்கிறது. அம்மன் சன்னதியில் யாரும் ஏற்றக்கோணம் கேட்பதில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்தவனுக்கு வயிற்றில் ஒரு கலக்கம் மிச்சமிருக்கும். அதை வைக்க ஓரிடம் வேண்டும். கும்பிட்டதால் உணரியைச் சோதிக்காமல் விட்டேன் என்று ஒருவர் சொன்னால் மட்டுமே சண்டைக்கு நியாயம் உண்டு.

ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் சிவசுப்பிரமணிய அய்யர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார். மசூதித் தெருவிலிருந்து வந்த அப்துல் கலாம் புரியவில்லை என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அய்யர் கோபப்படவில்லை. மாலையில் வகுப்பையே கடற்கரைக்குக் கூட்டிப் போய்ப் பறவைகளைக் காட்டி, வாலையும் இறக்கையையும் கவனிக்கச் சொன்னார். கலாம் தன் வாழ்க்கையின் திசை அங்கே தீர்மானமானது என்று கடைசிவரை சொல்லிவந்தார். ஆசாரமான அய்யரும் மசூதி இமாமின் மகனும் ஒரே பறவையை அண்ணாந்து பார்த்தபோது அளவை ஒன்றாகத்தான் இருந்தது.

பிறகு அந்தப் பையன் வேலைக்குப் போய்ச் சேர்ந்த இடம் தும்பா. பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய மீனவக் கிராமம். அங்கிருந்த மேரி மக்தலேனா தேவாலயத்தையும் தம் இல்லத்தையும் பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரைரா விட்டுக்கொடுத்தார். தேவாலயக் கட்டடம் ராக்கெட் பட்டறையாகி, 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் போயிற்று. காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால்தான் கொடைக்கானல் வானாய்வகத்தின் காந்தப் பதிவுகளுக்கும் மதிப்பு. 1876–78 பஞ்சத்துக்குப் பின், சூரியனைப் பார்த்தால் மழையை ஊகிக்க முடியுமா என்ற கேள்வி அரசாங்கத்தைப் பிடித்துக்கொண்டது. 1899-இல் அந்த ஆய்வகம் வந்தது. மழை ரகசியம் சூரியப் புள்ளிகளில் அகப்படவில்லை. பதிலாக 1909-இல் அந்த ஆய்வக வானியலாளர் எவர்ஷெட், சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். தேடிப் போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று. மயிலேறிப் போகிறவர்களுக்கு அப்படித்தான்.

மலைப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டிலை ஏவுமுன், எவ்வளவு உயரம் போகும் என்று ஒவ்வொரு பிள்ளையும் கருதும் எண்ணைப் பெயரோடு கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். அளந்த பிறகு அந்த எண்களை அழிக்காமல், கிடைத்த எண்ணைப் பக்கத்தில் எழுதி அன்று முழுக்க விட்டுவையுங்கள். காலையிலேயே ஏவிவிடுவதும் நல்லது. மஞ்சு இறங்கிவிட்டால் பாட்டில் போன இடமே தெரியாது.